இடப்பக்கத்தின் கடைசி எண்

ஜூலை 7, ஞாயிறு

இயற்பியல் ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். வார்டன் மரகதம் மேடம் பெட்டியைச் சோதிக்க வந்தால் டைரிகளைத்தான் முதலில் எடுப்பார். ரெக்கார்டு நோட்டை யாரும் பின்னாலிருந்து திறப்பதில்லை. என் படுக்கை மேல்கட்டில். தலைமாட்டில் உள்ள வென்டிலேட்டர் வழியாக வராந்தா விளக்கு ஒரு முழ அகலத்துக்குத் தலையணைமேல் விழுகிறது. செருப்புச் சத்தம் கேட்டால் நோட்டு வயிற்றுக்கு அடியில் போய்விடும். இரண்டு வரி எழுதுவதற்குள் மூன்று தடவை போய்விட்டது.

இந்த விடுதிக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. ஒழுக்க அட்டையில் ஆளுக்கு ஐம்பது புள்ளி கொடுத்திருக்கிறார்கள். பருவம் முழுக்க அதே ஐம்பதுதான். பிரேயருக்குத் தாமதமானால் இரண்டு போகும். படிப்பு நேரத்தில் பேசினால் மூன்று. தலைப் பின்னல் தளர்ந்திருந்தால் ஒன்று. முப்பதுக்குக் கீழே போனால் மாதக் கடைசியில் வீட்டுக்குப் போக அவுட்பாஸ் கிடையாது. புதிதாக வந்தவர்களுக்கு முதல் அவுட்பாஸே ஆகஸ்ட் கடைசியில்தான். அட்டை வந்ததால் யாரும் நல்லவர்களாகிவிடவில்லை. பின்னல்தான் இறுகியிருக்கிறது. எனக்கு இப்போது நாற்பத்தொன்று.

இன்று ரூபா ஓர் ஆட்டம் சொல்லிக் கொடுத்தாள். ரூபா எங்கள் அறையில் கீழ்க்கட்டில். குன்னூர்க்காரி. பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் என்பதால் இங்கே அவளுக்குக் கட்டணம் இல்லை. ஞாயிறு இரண்டிலிருந்து நான்குவரை மொட்டை மாடியில் துணி காயப்போடும் நேரம், வார்டன் தூங்குவார். எங்கள் அறை நான்கு பேரும் ஈரப் போர்வைகளுக்கு நடுவில் உட்கார்ந்தோம்.

அது பலகை இல்லாத ஆட்டம். ரூபா கதை சொல்வாள். வற்றிப்போன ஏரிக்கு அடியில் ஒரு நகரம். அதற்குள் நாங்கள் மூன்று பேரும் போகிறோம். தர்ஷிகா வில்லாளி, பவதாரணி வைத்தியச்சி, நான் உளவாளி. "நீ என்ன செய்யற?" என்று ரூபா கேட்பாள். என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். அது நடக்குமா என்பதற்குப் புத்தகத்தைக் கண்ணை மூடித் திறக்க வேண்டும். இடப்பக்க எண்ணின் கடைசி இலக்கம்தான் முடிவு. சைபர் என்றால் தலைகீழ். இரண்டு தோல்வி. நான்கு என்றால் நடக்கும், ஆனால் அடிபடும். ஆறு வெற்றி. எட்டு வந்தால் நினைத்ததற்கும் மேலே நடக்கும்.

"பகடை கொண்டாந்தா பிடுங்கிருவாங்க. புக்கை எவடி பிடுங்குவா?" என்றாள் ரூபா.

இரண்டு மணி நேரமும் எனக்கு வீட்டு ஞாபகம் வரவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

ஆட்டத்துக்கு விதி போட்டாள் ரூபா. ஓர் எதிரியைக் கொன்றால் ஒரு ஸ்டார். பத்து ஸ்டாருக்கு ஒரு புதிய சக்தி. ஒரு நோட்டில் கணக்கு.

ஏரிக்கரையில் ஒரு படகுக்காரன் தூங்கிக்கொண்டிருந்தான். யாரோ அவனைக் கழுத்தை நெரித்துக் கொன்றுவிட்டார்கள்.

"அடிப் பாவிகளா! உங்களுக்கு வழி காட்டறதுக்காக அவனை வெச்சிருந்தேன்" என்றாள் ரூபா.

"ஸ்டார் உண்டா இல்லையா? அதைச் சொல்லு" என்றாள் பவதா.

நான்கு மணிக்குள் பதினேழு பேர். தர்ஷிகா ஒரு கழுதையைக் கொன்று அதற்கும் ஸ்டார் கேட்டாள். கழுதைக்கு அரை ஸ்டார் என்று பேரம் படிந்தது. அந்த நகரத்தில் பேசுவதற்கு இனி ஆளே இல்லை.

ஜூலை 15, திங்கள்

விலங்கியல் தேர்வில் சிறுநீரகத்தின் நெஃப்ரான் படத்துக்கு ஐந்துக்கு ஒன்று. ஐம்பது தடவை வரையச் சொல்லியிருக்கிறார்கள்.

ஜூலை 21, ஞாயிறு

ரூபா விதியை மாற்றினாள். கொன்றால் ஒன்றுமில்லை. ஓர் உயிரைக் காப்பாற்றினால்தான் ஸ்டார்.

முதலில் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் காப்பாற்ற ஆள் கிடைக்கவில்லை. தர்ஷிகா, கிணற்றோரம் விளையாடிக்கொண்டிருந்த ஒரு குழந்தையை உள்ளே தள்ளிவிட்டு, "இப்ப நான் குதிச்சுக் காப்பாத்தறேன்" என்றாள். புத்தகத்தைத் திறந்தாள். சைபர்.

"குழந்தை செத்துருச்சு" என்றாள் ரூபா.

"இன்னொரு குழந்தை இருக்கா?"

பவதா சிரித்துச் சிரித்து ஈரப் போர்வையோடு சரிந்தாள். ரூபாவும் சிரித்தாள். பிறகு, "நான் எதுக்கு ஸ்டார் குடுக்கறேனோ அதைத்தான் செய்யறீங்க. கதை எங்கேயோ கிடக்கு" என்று நோட்டில் எதையோ எழுதினாள். பின்பக்கங்களில் அவள் தனியாக எழுதுவாள். கதைக்காரியின் பக்கத்தை ஆடுகிறவர்கள் பார்க்கக் கூடாது என்பது முதல் விதி.

ஜூலை 28, ஞாயிறு

வீட்டிலிருந்து போன் வரவில்லை. ஞாயிறு காலை ஆளுக்கு ஐந்து நிமிடம், வார்டனின் போனில். என் பெயரைக் கூப்பிடவேயில்லை. பத்து மணிவரை படிக்கட்டில் நின்றேன். படிக்கட்டில் நின்றதற்கு இரண்டு புள்ளி போயிற்று. முப்பத்தாறு.

மதியம் ஆட்டத்தில் ரூபா, "யாழு, இன்னிக்கு உன் புக்கைக் குடு. என்னோடது துவைக்கற இடத்துல நனைஞ்சுருச்சு" என்றாள். நான்தான் யாழரசி. என் விலங்கியல் புத்தகத்தைக் கொடுத்தேன். மூன்று தடவை திறந்தேன். மூன்றிலும் எட்டு. பூட்டிய கோட்டைக் கதவு எனக்காகத் தானே திறந்தது, காவலர்கள் மண்டியிட்டார்கள். மற்ற இருவருக்கும் ரூபா தன் வேதியியல் புத்தகத்தை நீட்டினாள். "சீக்கிரம் புடி, நேரமாச்சு."

கீழே இறங்கும்போது நான் பாடிக்கொண்டிருந்தேனாம். தர்ஷிகா சொன்னாள்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

மூன்றாவது விதி. இன்னொருத்திக்கு விழ வேண்டிய அடியைத் தானாக முன்வந்து வாங்கிக்கொண்டால் மூன்று ஸ்டார்.

இன்று போல் சத்தம் எழுந்ததில்லை. ஏரி நாகம் தர்ஷிகாவைக் கொத்த வந்தது. "எனக்கு, எனக்கு!" என்று பவதா எழுந்தே நின்றுவிட்டாள். நானும் கத்தினேன். "நான்தான் மொதல்ல சொன்னேன்!" "கையைத் தூக்கினது நான்!" நாகம் காத்துக்கொண்டிருந்தது. கடைசியில் தர்ஷிகா, "ஏய், அது என் அடிடி. யாருக்கும் தர மாட்டேன்" என்றாள்.

மூன்று பேரும் மாற்றி மாற்றி ஒருவருக்காக ஒருவர் செத்தோம். பவதா வைத்தியச்சி என்பதால் பிழைக்க வைத்துக்கொண்டே இருந்தாள், மறுபடி சாவதற்கு.

ரூபா பென்சிலைக் கடித்தபடி, "ஸ்டார் இல்லன்னா வாங்குவீங்களா?" என்று கேட்டாள்.

"சும்மா எதுக்குடி அடி வாங்கணும்?" என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் சிரித்தோம்.

கதைக்காரிக்கு ஸ்டார் கிடையாது. அவளுக்கு எந்த விதியிலும் இடமில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

அப்பா பேசினார். அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. செப்டம்பர் இரண்டாம் தேதி, திங்கள், தருமபுரியில் ஆபரேஷன்.

"பயப்படாத கண்ணு. சின்ன ஆபரேஷன்தான்" என்றார். அத்தைக்கும் அப்படித்தான் சொன்னார்கள். அத்தையை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது நான் ஐந்தாம் வகுப்பு. மூக்கில் பஞ்சு வைத்திருந்தார்கள்.

"மாசக் கடைசி சனிக்கெழமை வந்துருவியில்ல? உங்கம்மா அதையேதான் கேட்டுக்கிட்டுக் கெடக்கறா."

வந்துவிடுவேன் என்றேன். வார்டன் கையைக் காட்டினார். ஐந்து நிமிடம் முடிந்தது.

மாடிக்கு வர மாட்டேன் என்றேன். ரூபா இழுத்துக்கொண்டு போனாள். "உன் புக்கை எடுத்துக்க" என்றாள். அவளுடையது காய்ந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். கேட்கவில்லை. இன்றும் எட்டு.

முப்பத்துநான்கு புள்ளி இருக்கிறது. இருபது நாள். யாரோடும் பேச மாட்டேன், பின்னலை ஈரத்தோடு கட்டிவிடுவேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

இன்று படிப்பு நேரத்தில் கவனித்தேன். என் விலங்கியல் புத்தகம் எங்கே பிடித்துத் திறந்தாலும் நெஃப்ரான் படத்தில் வந்து நிற்கிறது. ஐம்பது தடவை வரைந்தபோது முழங்கையால் அழுத்தியதில் முதுகு விரிந்துபோயிருக்கிறது. நூற்றுப் பதினெட்டாம் பக்கம்.

இதை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

நகரத்தின் வரைபடம் முடிந்தது. ஒரு முழு சார்ட் தாள். வடக்குச் சுவரில் உடைப்பு, சாக்கடைச் சுரங்கம், காவலர் மாறும் நேரம், நாய்கள் தூங்கும் இடம். ஆளுக்கொரு பக்கம் வரைந்தோம். கொட்டை எழுத்தில் தலைப்பு வைத்தது பவதா: 'வெளியேறும் வழிகள்'.

ரூபாவின் மெத்தைக்கு அடியில் வைத்திருக்கிறோம்.

ஆகஸ்ட் 22, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

மாலை ஐந்து மணிக்கு அறைச் சோதனை. மெத்தைகள் எல்லாவற்றையும் புரட்டினார்கள். ரூபா மெத்தையடியில் கிடந்த சார்ட் தாளை மரகதம் மேடம் தரையில் விரித்துப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"வடக்குச் சுவத்துல ஓட்டை. வாட்ச்மேன் மாறுற டைம். நாய் எங்க படுக்குது." அவர் குரல் தாழ்ந்தே இருந்தது. "எத்தனை நாளாடி போட்டுட்டிருக்கீங்க இந்தத் திட்டத்தை?"

"அது விளையாட்டு மேடம்" என்றாள் ரூபா.

"விளையாட்டா? எங்க காயி? எங்க பலகை?"

"கதை சொல்லி ஆடறது மேடம்."

"சரி. யாரு ஜெயிப்பா?"

ரூபா எங்களைப் பார்த்தாள். "யாரும் ஜெயிக்க மாட்டாங்க மேடம். போய்க்கிட்டே இருக்கும்."

"ஜெயிக்காத விளையாட்டை எவடி விளையாடுவா? என்னை என்ன கேனச்சின்னு நெனைச்சியா?" தாளை மடித்தார். நான்கு மடிப்பு. "இதுல நாலு கையெழுத்து இருக்கு. ஆனா மூளை ஒண்ணாத்தான் இருக்கும். நாளைக்குக் காலைல பிரேயருக்கு முன்னாடி அந்த ஒருத்தி என் ரூமுக்கு வரணும். அவளை மட்டும் ஆபீஸ் பாத்துக்கும். வரலைன்னா நாலு பேருக்கும் அவுட்பாஸ் கட்."

இதுவும் ஒரு விதிதான். இந்த விதியில் ஒருத்தி போனால் மற்ற மூன்று பேருக்கு ஸ்டார்.

சாப்பாட்டுக்குப் பிறகு இரவுப் படிப்புக்கு இருபது நிமிடம் இருந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கூடினோம். 'எனக்கு, எனக்கு' என்று யாரும் கத்தவில்லை. தர்ஷிகா தன் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க மாமா கல்யாணம் இருக்கு. எங்கப்பா கொன்னே போட்ருவாரு" என்றாள் பவதா.

என் அம்மாவைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரியும். ரூபாவின் கட்டணச் சலுகைக் கடிதத்தில் 'நன்னடத்தை' என்று ஒரு வரி இருப்பதும் எல்லோருக்கும் தெரியும். அதையும் யாரும் சொல்லவில்லை.

"ஆட்டத்துல பண்ற மாதிரி புக்கைத் தொறந்து பாத்துரலாமா?" என்றாள் பவதா. "யாரு நம்பர் வருதோ அவ போகணும். அப்பத்தான் யாருக்கும் யாரு மேலயும் கோவம் இருக்காது."

என் கையில் விலங்கியல் புத்தகம் இருந்தது. நாளை வேதியியல் தேர்வு.

யாரோ எண்களைப் பிரித்தார்கள். தர்ஷிகாவுக்குச் சைபர், பவதாவுக்கு இரண்டு, எனக்கு நான்கு, ரூபாவுக்கு எட்டு. ஆறு வந்தால் மறுபடி திறப்பது.

"ஏன் ரூபாவுக்கு மட்டும் எட்டு? ஆறுதானே வரணும்?" என்றாள் தர்ஷிகா.

கதைக்காரிக்குத்தான் பெரிய எண் என்று பதில் வந்தது.

ரூபா என் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தாள். அதன் முதுகைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவ்வளவு நேரம் யாரும் என்னைப் பார்த்ததில்லை.

"சரி, எட்டு எனக்கு. நானே தொறக்கறேன்" என்றாள்.

கண்ணை மூடினாள். புத்தகத்தைத் திறந்தாள்.

அவ்வளவுதான் நடந்தது. புத்தகம் எங்கே திறக்கும் என்று யாருக்குத் தெரியும்?

செருப்புச் சத்தம்

ஆகஸ்ட் 23, வெள்ளி

காலை ஐந்தே முக்காலுக்கு ரூபா தலை பின்னிக்கொண்டு போனாள். பின்னல் மிக நேராக இருந்தது. பிரேயருக்கு வரவில்லை. வேதியியல் தேர்வுக்கும் வரவில்லை.

ஆகஸ்ட் 24, சனி

ரூபாவைச் சிக்ரூம் என்று சொல்லும் நோயாளி அறையில் தனியாகப் படுக்க வைத்திருக்கிறார்கள். அவளோடு பேசினால் பத்துப் புள்ளி. நான் பேசவில்லை. எனக்கு முப்பத்துநான்கு இருக்கிறது. பத்துப் போனால் இருபத்துநான்கு.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

சாப்பாட்டு வரிசையில் அவள் எனக்கு நேர் முன்னால் நின்றாள். திரும்பவில்லை. நான் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

ஆகஸ்ட் 31, சனி

வீட்டில் எழுதுகிறேன். அரூர் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது அப்பா நின்றிருந்தார். அம்மா இளைத்திருக்கிறாள். என் தலையைத் தொட்டுப் பார்த்து, "இப்படி இழுத்துப் பின்னினா மண்டை வலிக்காதாடி?" என்று அவிழ்த்துவிட்டாள். அவள் மடியில் படுத்தேன்.

"அந்த ரூபாப் புள்ளை எப்படி இருக்கா? கதை சொல்லுவான்னு சொன்னியே."

"நல்லா இருக்கா."

"ஒரு தடவை கூட்டிட்டு வா. ஆபரேஷனெல்லாம் முடியட்டும், வாய்க்கு ருசியா ஆக்கிப் போடறேன்."

சரி என்றேன்.

செப்டம்பர் 1, ஞாயிறு

மாலை ஐந்துக்கு விடுதிக்குத் திரும்பினேன். கீழ்க்கட்டிலில் மெத்தை சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

அவுட்பாஸ் இல்லாததால் இங்கேயே இருந்த பக்கத்து அறைப் பெண் பார்த்ததைச் சொன்னாள். நேற்று மதியம் ரூபாவின் அப்பா வந்தாராம். ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒரு தகரப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாராம். அவளைத் திட்டவில்லையாம். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்மா" என்றாராம். "குன்னூர்ல எங்கயாவது சேத்துக்குவாங்களா?" என்று வாட்ச்மேனிடம் போய்க் கேட்டாராம். வாட்ச்மேனுக்கு என்ன தெரியும்?

அந்தப் பெண்ணிடம் ரூபா ஒரு நோட்டைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். "யாழுகிட்டக் குடுத்துருங்க." ஸ்டார் கணக்கு நோட்டு. சோதனையன்று அது வேதியியல் நோட்டுகளுக்கு நடுவில் இருந்ததால் தப்பித்தது.

நான் திறக்கவில்லை.

செப்டம்பர் 3, செவ்வாய்

போன் ஞாயிற்றுக்கிழமைதான். அம்மா இருக்கிறாளா என்று தெரியாமலே இன்று கணக்குத் தேர்வு எழுதினேன். எழுபதுக்கு அறுபத்தொன்று. இதுவரை இவ்வளவு வாங்கியதில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

அம்மா பிழைத்துவிட்டாள். அவளே பேசினாள். குரல் கரகரத்தது. "ஒண்ணுமில்லடி, நல்லா இருக்கேன். நீ வந்துட்டுப் போனதே பாதி வைத்தியம்" என்றாள். நான் போகாவிட்டாலும் பிழைத்திருப்பாள். கட்டி சின்னது என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டாராம். அப்பாதான் என்னிடம் சரியாகச் சொல்லவில்லை.

மதியம் மாடியில் துணி காயப்போட்டோம். தர்ஷிகா, "கதையைப் பாதியில விட்டுட்டோமே, யாராவது கதைக்காரியா இருங்கடி" என்றாள். பவதா தன் போர்வையை இரண்டு தடவை பிழிந்தாள்.

இப்போது நோட்டைத் திறந்தேன்.

முன்பக்கங்களில் ஸ்டார்கள். பின்பக்கங்களில் ரூபாவின் சின்ன எழுத்து. கதைக்காரியின் பக்கம்.

'பவதா: பசித்தால் கொல்ல ஆரம்பிப்பாள். மூன்று மணிக்கு ஒரு விருந்துக் காட்சி வை.

தர்ஷி: தோற்றால் இரண்டு நாள் பேச மாட்டாள். சைபர் வந்தால் அடுத்த அறையில் ஒரு புதையல்.

யாழு: ஜூலை 20-இல் பார்த்தேன். விலங்கியல் புத்தகம் எப்போதும் 118-இல்தான் திறக்கிறது. அவளுக்கு இன்னும் தெரியாது. சொல்லாதே. வீட்டிலிருந்து போன் வராத ஞாயிறுகளில் அவள் புத்தகத்தையே கேட்டு வாங்கு.'

அதற்குக் கீழே, ஆகஸ்ட் 22 என்று தேதி போட்டு ஒரே வரி:

'அவளுக்குத் தெரிந்துவிட்டது.'

இந்த ரெக்கார்டு நோட்டைப் பின்னாலிருந்து முழுக்கப் படித்தேன். யாரோ செய்தார்கள், யாரோ சொன்னார்கள் என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறேன். படகுக்காரனை நெரித்தது நான். சும்மா எதற்கு அடி வாங்க வேண்டும் என்றது நான். எண்களைப் பிரித்தது நான். கதைக்காரிக்குத்தான் பெரிய எண் என்றதும் நான்தான்.

விலங்கியல் புத்தகத்தை எடுத்து, வென்டிலேட்டர் வெளிச்சத்தில் கண்ணை மூடித் திறந்து பார்த்தேன். முன்பக்கம் பிடித்து, பின்பக்கம் பிடித்து, தலைகீழாக வைத்து, பன்னிரண்டு தடவை.

பன்னிரண்டு தடவையும் எட்டு.